பட்டாளத்துப் பெட்டியில என்ன இருக்கு? முன்னாள் படைவீரர் படிப்பும் வேலைப் பயிற்சியும்

(காட்சி: காரைக்குடி பஸ் ஸ்டாண்டு, விடியற்காலை. கறுப்பு ட்ரங்குப் பெட்டியோட ஒருத்தர் இறங்கறார்.)

குரல்: வணக்கம். பெட்டி மேல வெள்ளை பெயிண்ட்ல நம்பர், ரேங்க், பேரு. பார்த்ததுமே தெரிஞ்சிடும், பட்டாளத்துக்காரர்னு. லீவுல வந்தா சரி. ஒரேயடியா வந்துட்டா? வயசு நாற்பதுகூட ஆகியிருக்காது.

(காட்சி: பழைய செட்டிநாட்டு வீட்டு முகப்பு, கணக்குப்பிள்ளை மேசை.)

அந்தக் காலத்துல பர்மாவுக்குக் கடைக்குப் போன பையன் முதல்ல பெட்டியடிப் பையன், அதாவது கடையில கடைசி ஆள். அப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம்தான் மேலாள். 17 வருஷம் துப்பாக்கி பிடிச்சவர் திரும்பவும் பெட்டியடியில உட்காரணுமா? வேண்டாம். ஆனா அதுக்கான வேலையைச் சீருடையில இருக்கும்போதே ஆரம்பிச்சிடணும்.

பாதுகாப்பு அமைச்சகத்துல டி.ஜி.ஆர்.னு, அதாவது மறுவாழ்வு இயக்ககம்னு ஒண்ணு இருக்கு. ஓய்வு பெறப்போறவங்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கறது இவங்கதான். கோர்ஸ் 24 வாரம் வரைக்கும் போகும். ஜவானுக்கும், சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.வுக்கும் கட்டணம் முழுசும் அரசாங்கம் கட்டும். அதுக்கு மேல இருக்கற அதிகாரிகள் 40 சதவீதம் கைக்காசு போடணும். பக்கத்து பெட்காரர் எழுதிக் கொடுத்த கோர்ஸையே நீங்களும் எழுதிக் கொடுக்காதீங்க. ஊர்ல என்ன பிழைப்புன்னு பார்த்து எடுங்க. பழைய வீடெல்லாம் ஓட்டலாயிட்டிருக்கிற ஊர் இது.

(காட்சி: கல்விச் சான்றிதழ்.)

இப்ப நிறையப் பேர் கோட்டை விடற விஷயம். பத்தாவது தேறி, 15 வருஷம் சர்வீஸ் முடிச்சவரை மத்திய அரசு குரூப் சி வேலைக்குப் பட்டதாரிக்குச் சமமா எடுத்துக்கும். தொழில்நுட்பப் படிப்பு கேக்கற வேலைக்கு இது செல்லாது. மத்திய அரசு குரூப் சி-யில முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு, அரசு வங்கி கிளார்க் வேலையில 14.5 சதவீதம். அழகப்பா பல்கலைக்கழகத்துல ஆசைக்கு ஒரு பட்டம் வாங்கறது வேற சங்கதி. வேலைக்குன்னா முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க.

(காட்சி: கல்லூரி வாசல்.)

அடுத்து பிள்ளைங்க. பிரதமர் கல்வி உதவித்தொகை, மாசம் பையனுக்கு 2,500, பொண்ணுக்கு 3,000. பிளஸ் டூ-வுல 60 சதவீதம் வேணும், அப்பா அதிகாரி ரேங்குக்குக் கீழ இருந்திருக்கணும், படிப்பு பி.இ., பி.எட். மாதிரி தொழிற்படிப்பா இருக்கணும். வெறும் பி.ஏ.வுக்குக் கிடையாது. எங்க சித்தப்பா, மகள் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் போனப்புறம் கேட்டார். முதல் வருஷத்துலயே விண்ணப்பிக்கணுமாம். போச்சு! அவர் மேலயும் தப்பில்லை, சொல்ல ஆளில்லை.

ஹவில்தாரும் அதுக்குக் கீழயும் இருந்தவங்களுக்கு இன்னொண்ணு: ரெண்டு பிள்ளைங்க வரைக்கும், ஆளுக்கு மாசம் 2,000 ரூபாய் கல்வி மானியம், பட்டப்படிப்பு வரை.

சொந்தத் தொழில்னா தமிழ்நாடு அரசோட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’. ஒரு கோடி வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம்.

சிவகங்கை பக்கம் இலுப்பக்குடியில இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை முகாம் இருக்கறதால ஒரு குழப்பம் வரும். அந்தப் படையில ஓய்வு பெற்றவங்க உள்துறையைச் சேர்ந்தவங்க, இந்த முன்னாள் படைவீரர் சலுகைப் பட்டியல்ல வரமாட்டாங்க. அக்னிவீரர் தம்பிகளுக்கும் கணக்கு வேற.

(காட்சி: வரைபடம்.)

எங்க போகணும்? காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்காரங்க சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கோனாபட்டு, ராயவரம்காரங்களும் செட்டிநாடுதான், ஆனா மாவட்டம் புதுக்கோட்டை. மாறிப் போனா ஒரு நாள் பஸ் காசு தண்டம்.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ட்ரங்குப் பெட்டியைத் திறங்க. பட்டாளத்துல இருந்து விடுவிக்கறப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் புக்ல பிள்ளைங்க பேரு இருக்கா? ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கற அதே எழுத்து, அதே பிறந்த தேதிதானான்னு பாருங்க. இல்லைன்னா முதல்ல உங்க படைப்பிரிவோட ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போடுங்க.