சுமைதாங்கிக் கல்லில் ஒரு பெயர்

அவையோருக்கு வணக்கம்.

ஊர் வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் நேரே கோயிலுக்குப் போகிறார்கள். கட்டியவர் யார், தேர் கொடுத்தவர் யார் என்பதிலேயே நோட்டு நிறைந்துவிடுகிறது. சந்தைக்குப் போகும் பழைய பாதையில் கொஞ்சம் நின்று பாருங்கள். நட்ட கல் இரண்டு, மேலே குறுக்கே ஒன்று. தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமலே நகர்த்தி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். அவள் இறக்காத சுமையை வழிப்போக்கராவது இறக்கட்டும் என்பது நம்பிக்கை.

குறுக்குக் கல்லின் முகத்தில் சில இடங்களில் எழுத்து இருக்கும். உச்சி வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். பெயின்ட் பூசித் தெளிவாக்க நினைக்காதீர்கள். தப்பாகப் படித்துப் பூசிய எழுத்துதான் பிறகு நிலைத்துவிடும்.

மைப்படி, அதாவது எழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது, எடுப்பதானால் முதலில் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு கல்லைக் கழுவ வேண்டும். கம்பித் தூரிகை கூடாது. நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டிக்கொண்டே போனால் தாள் எழுத்துக்குள் இறங்கும். ஈரம் சுண்டியபின் மையை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒற்றினால் மை ஊறி எல்லாம் கறுப்பு. வெயில் ஏறினாலோ தாள் காய்ந்து கிளம்பிவிடும். விடியற்காலைதான் தோது.

ஆண்டைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'விளம்பி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1898ஆகவும் இருக்கலாம், 1958ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். பக்கத்தில் சகம் 1820 என்று சக ஆண்டுக் கணக்கும் இருந்தால் 78 கூட்டி 1898 என்று முடிவு செய்யலாம். ௲௮௱௯௰௮ என்று தமிழ் எண்ணில் வெட்டியிருந்தாலும் அதே 1898தான்.

சில கற்களில் 'இன்னார் பெண்சாதி' என்பதோடு சரி, இறந்தவள் பெயர் இருக்காது. செங்கம் பக்கம் எடத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, கள்ளனைக் கடித்த நாயைக்கூடக் கோவிவன் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது! ஆகவே பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவள் புகுந்த வீட்டில் மறந்திருப்பார்கள். பிறந்த ஊரில் ஒப்பாரி பாடும் கிழவிகளிடம் போங்கள். துணி வெளுத்தவர், பறையடித்தவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஆகியோரின் வீட்டார் எல்லா வீட்டுச் சாவுக்கும் போனவர்கள், அவர்களிடமும் கேளுங்கள்.

கல்லை உடைத்து நட்டவர்களையும் விடக்கூடாது. கல்லுடைப்பதும் கிணறு வெட்டுவதும் தெலுங்கு பேசும் ஒட்டர்களின் தொழிலாக இருந்த ஊர்கள் ஏராளம். உளிக்கும் சம்மட்டிக்கும் பாறையின் ஓட்டத்துக்கும் அவர்கள் வீட்டில் வழங்கும் சொற்களை அவர்கள் உச்சரிப்பிலேயே பதியுங்கள். தமிழில் திருத்தி எழுதினால் பதிவு கெட்டது. பேசுபவர் சம்மதம் கேட்டுவிட்டுப் போனை இயக்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சாலை அகலமாகும்போது முதலில் பிடுங்கப்படுவது இந்தக் கல்தான். எந்தத் திசை பார்த்து நின்றது, பாதையிலிருந்து எத்தனை அடி என்று இப்போதே குறித்து, படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு மனு கொடுங்கள். ஏற்கெனவே காணோம் என்றால் டீக்கடை வாசலையும் வாய்க்கால் பாலத்தையும் பாருங்கள். உட்காரும் பலகைக் கல்லாக எழுத்து முகம் கீழே கிடக்கலாம். நாலு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பிப் புரட்டுங்கள். அடியில் சாக்கு விரிக்க மறக்காதீர்கள், முனை உடைந்தால் பெயரின் முதலெழுத்து போய்விடும்.