உடைந்த பானைக்கு வரிசை போட்டவர்: ஃப்ளிண்டர்ஸ் பீட்ரி

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவின் கீழே பாதிப் பேர் "துட்டன்காமன் எப்போ வருவார்?" என்று கேட்டிருந்தீர்கள். இன்றைக்கும் அவர் வரப்போவதில்லை. தங்க முகமூடி, சாபம், இரகசிய அறை எதுவும் கிடையாது. இன்றைக்கு உடைந்த பானைகள்தான்.

ஆனால் ஆள் பெரிய ஆள். ஃப்ளிண்டர்ஸ் பீட்ரி, எகிப்தைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர். துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர், 17 வயதில் இவரிடம்தான் எகிப்தின் அமர்னாவில் தோண்டக் கற்றுக்கொண்டார். அப்போது, அதாவது 1892இல், பீட்ரி தன் குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா? பையன் நல்ல சுபாவம்தான், ஆனால் ஓவியம் வரைவதிலும் இயற்கையைப் பார்ப்பதிலும்தான் அவனுக்கு ஆர்வம், அவனை அகழாய்வாளனாகத் தேற்றுவதில் எனக்குப் பயனில்லை என்று. பானையை எடைபோட்ட அளவுக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லை மனிதருக்கு. இந்தக் குறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக வரும்.

1853இல் லண்டனை ஒட்டிய சார்ல்டனில் பிறந்தார். அம்மா வழித் தாத்தா மேத்யூ ஃப்ளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்து வரைபடம் போட்டவர். பேரனுக்குச் சின்ன வயதில் உடம்பு சரியில்லை, பள்ளிக்கூடம் போகவே இல்லை. அப்பா பொறியாளர், நில அளவையை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து போய் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை அளந்திருக்கிறார்கள். எட்டு வயதில், எங்கோ ஒரு ரோமானிய மாளிகையை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டினார்கள் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, "மண்ணை அங்குலம் அங்குலமாகச் சீவி அல்லவா பார்க்க வேண்டும்" என்று பதறினாராம். இதைப் பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

சரி, எகிப்துக்கு எப்படி வந்தார்? அப்போது சார்ல்ஸ் பியாசி ஸ்மித் என்று ஒரு பெரிய வானியலாளர் இருந்தார். கீசாவின் பெரிய பிரமிடில் கடவுளே ஒரு அளவுமுறையை ஒளித்து வைத்திருக்கிறார், அதற்குப் 'பிரமிடு அங்குலம்' என்று பெயர், ஆண்டின் நாட்கணக்கு முதல் எல்லாமே அந்தக் கல்லில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். பீட்ரியின் அப்பாவுக்கு அதில் தீவிர நம்பிக்கை. மகனுக்கும் ஆர்வம் இருந்தது. ஆனால் ஒழுங்காக அளந்து பார்த்துவிடலாமே என்று 1880 கடைசியில் கீசாவுக்குப் போனார். தங்கியது பாறையில் குடைந்த ஒரு பழைய கல்லறையில். வெளியே அளக்கும்போது சுற்றுலாப் பயணிகள் தொந்தரவு செய்யாமல் இருக்க ரோஸ் நிறத்தில் பனியனும் உள்கால்சட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்களா?

அளந்து முடித்தார். அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 230 மீட்டர். ஸ்மித்தின் கோட்பாட்டுக்கு வேண்டிய நீளம் அது இல்லை, குறைவு. கோட்பாடு அங்கேயே படுத்துவிட்டது. பிரமிடுக்குள் ஒரு கருங்கல் புடைப்பு இருக்கிறது. அதைக் கோட்பாட்டுக்குப் பொருந்தும் அளவுக்கு ஒரு பிரமிடு பக்தர் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார் என்றும் பீட்ரி எழுதியிருக்கிறார்! 1883இல் வெளியான அவருடைய அளவுகளை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்த நாளில் எகிப்தில் தோண்டியவர்களுக்குச் சிலை வேண்டும், கல்வெட்டு வேண்டும், தங்கம் வேண்டும். மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும். பீட்ரி அந்தக் குப்பையைத்தான் கேட்டார். ஓடு, மணி, கருவி, கிழிந்த துணி எல்லாவற்றையும் எடுத்து, எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதினார். அமீலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளர் இவருக்குத் துணையாக நின்றார். 1892இல் அவர் இறந்தபோது, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எகிப்தியவியல் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்தச் சொல்லிப் பணத்தை எழுதிவைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்து ஆட்களுக்குக் கொடுக்கக் கூடாது, 40 வயதைத் தாண்டியவருக்கும் கூடாது என்று நிபந்தனை. பீட்ரிக்கு அப்போது இன்னும் 40 ஆகவில்லை. பள்ளிக்கூடமே போகாதவர் பேராசிரியர் ஆனார். உயிலைப் படித்தால் பெயர் எழுதாத குறைதான்.

முகாமில் கஞ்சத்தனம் கொடிகட்டிப் பறக்கும். போன பருவத்தில் மிஞ்சிய டின் உணவைச் சுவரில் எறிந்து பார்ப்பார்களாம். வெடிக்காத டின்னைச் சாப்பிடலாம். இது அவருடைய மாணவர்கள் பரப்பிய கதை, எவ்வளவு மசாலா சேர்ந்ததோ. 1896இல் ஹில்டாவைக் கல்யாணம் செய்துகொண்ட கையோடு அவரையும் இதே முகாமுக்குத்தான் கூட்டிவந்தார். ஹில்டா சளைக்கவில்லை. வரைந்தார், கணக்கு எழுதினார், பின்னாளில் நிதி திரட்டியதிலும் பெரும்பங்கு அவருடையது.

ஆனால் தொழிலாளிகளிடம் பீட்ரி வேறு மாதிரி. கூலியைத் தன் கையாலேயே கொடுப்பார். ஏதாவது பொருளைக் கண்டுபிடித்தால், உள்ளூர் வியாபாரி என்ன விலை கொடுப்பாரோ அதைத் தனி இனாமாக, அதாவது பக்‌ஷீஷாகக் கொடுத்துவிடுவார். அப்புறம் திருடி விற்க என்ன அவசியம்? 1901இல் அபிடோஸில், முதல் வம்சத்து அரசர் ஜெரின் கல்லறையில், சுவர்ப் பொந்து ஒன்றில் துணி சுற்றிய ஒரு கை கிடைத்தது. துணிக்குள் தங்கமும் நீலக்கல்லும் கோத்த நான்கு வளையல்கள். கண்டெடுத்தவர்கள் அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்தார்கள். பீட்ரி தங்கத்தை எடைபோட்டு அதன் மதிப்பைக் கொடுத்தார். அப்புறம் அது கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே இருந்த எமில் புரூக்ஷ் வளையலை வைத்துக்கொண்டு, ஐயாயிரம் ஆண்டுப் பழைய கையையும் துணியையும் தூக்கிப் போட்டுவிட்டார். "அருங்காட்சியகம் ஆபத்தான இடம்" என்று பீட்ரி எழுதினார். எனக்கும் இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

இனி பானைக்கு வருவோம். 1894-95இல் நகாதாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டினார். உள்ளே இருந்தது எதுவும் அதுவரை பார்த்த எகிப்து மாதிரி இல்லை. உடலைக் குறுக்கிப் படுக்க வைத்திருந்தார்கள், சிவப்புப் பானைக்குக் கருப்பு வாய். எழுத்து கிடையாது, அரசர் பெயர் கிடையாது. வெளியிலிருந்து படையெடுத்து வந்த 'புதிய இனம்' இது என்று பீட்ரி அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் ஜாக் டி மோர்கன், "இல்லை, இவர்கள் ஃபாரோக்களுக்கு முந்தைய எகிப்தியர்களே" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பீட்ரி சில ஆண்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டபின் செய்ததுதான் பிரமாதம். தேதியில்லாத கல்யாண போட்டோக்களைப் பெல்பாட்டத்தையும் காலரையும் பார்த்து வரிசைப்படுத்துவோம் இல்லையா, அந்த மாதிரி. பானைகளை ஒன்பது வகையாகப் பிரித்தார். சுமார் 900 புதைகுழிகளுக்கு ஆளுக்கொரு அட்டைத் துண்டு. அதில் அந்தக் குழியில் இருந்த பானைவகைகள். அட்டைகளை மேசையில் பரப்பி, ஒத்த பானைகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்வரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படித் தெரியும்? இதோ, இந்தப் படத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் தொப்பை வைத்த ஜாடி. இரண்டு பக்கமும் நெளிநெளியான பிடி, விரலைக் கொடுத்துத் தூக்கலாம். அடுத்த ஜாடியில் வயிறு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, பிடியும் சிறுத்துவிட்டது. அடுத்ததில் பிடி வெறும் புடைப்பு, அதைப் பிடித்தால் ஜாடி கீழே விழும். வலது கடைசியில் இருப்பது நேரான குழாய், மேலே ஒரு நெளிகோடு மட்டும் ஓடுகிறது. பிடி அலங்காரமாகிவிட்டது. வலமிருந்து இடமாக இது நடந்திருக்க முடியாது என்பது பீட்ரியின் வாதம்.

இப்படிக் கிடைத்த வரிசையை 30 முதல் 80 வரை எண்களாகப் பிரித்தார். ஆண்டுகள் அல்ல, வெறும் வரிசை எண்கள். ஏன் 30இல் ஆரம்பித்தார்? இதைவிடப் பழையது நாளைக்கு யாருக்காவது கிடைத்தால் வைக்க இடம் வேண்டுமே என்று 1 முதல் 29 வரை காலியாக விட்டார். பிற்பாடு எகிப்திலேயே பதாரி என்ற இடத்தில் நிஜமாகவே பழையது கிடைத்தது. கணினி இல்லாமல், கார்பன் சோதனை இல்லாமல், 1899இல் வெளியிட்ட முறை இது. பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தினார்கள். வரிசைப்படுத்தும் அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது அந்தக் குறைக்கு வருகிறேன். அளவுகோலைப் பானையோடு அவர் நிறுத்தவில்லை. மனித இனங்களை அளந்து ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞருக்காகக் கோயில் சுவர்களில் உள்ள வெவ்வேறு இனத்தவரின் முகங்களைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். நகாதாவின் மண்டையோடுகள் லண்டனுக்கு அளக்கப் போயின. நாகரிகம் மாறினால் அது புது இனம் வந்ததால்தான் என்றார். தகுதியானவர்கள்தான் பிள்ளை பெற வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கூட்டத்தோடு நெருக்கமாக இருந்து, அதற்கு ஆதரவாக எழுதவும் செய்தார். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்மித்தின் பிரமிடு அங்குலத்தை அளந்தே வீழ்த்தியவர், தன் கோட்பாட்டை மட்டும் அப்படிச் சோதிக்கவில்லை. யூஜெனிக்ஸோடு தனக்கிருந்த பழைய தொடர்புக்காக, பீட்ரி பேராசிரியராக இருந்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2021இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

1926இல் எகிப்தை விட்டுப் பாலஸ்தீனத்துக்கு நகர்ந்தார். 1942இல் 89ஆம் வயதில் ஜெருசலேமில் இறந்தார். உடலை சீயோன் மலைக் கல்லறையில் புதைத்தார்கள், தலையில்லாமல். தலையை அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்கு ஆராய்ச்சிக்காக அவரே எழுதிக்கொடுத்திருந்தார். ஹில்டா அதைத் தொப்பிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார் என்பது சும்மா கட்டுக்கதை. போருக்குப் பிறகுதான் லண்டன் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் ஜாடியின் லேபிள் கழன்றுவிட, யார் தலை என்று வெகுகாலம் தெரியவே இல்லை. பின்னால்தான் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு ஓட்டிலும் சீட்டு ஒட்டியவருக்கு இப்படி ஒரு கதி.

அவர் சேர்த்ததில் சுமார் 80,000 பொருள்கள் லண்டனில் பீட்ரி மியூசியத்தில் இருக்கின்றன. 1913இல் எகிப்தின் தர்கானில் அள்ளிய ஒரு அழுக்குத் துணிமூட்டையும் அதில் உண்டு. 1977இல் சுத்தம் செய்யப் பிரித்தபோது உள்ளே ஒரு லினன் சட்டை. கழுத்து முக்கோணமாக இறங்குகிறது, கையில் மெல்லிய மடிப்புகள். முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கம், அப்படியென்றால் யாரோ உடுத்திக் கழற்றியது. 2016இல் வெளியான கார்பன் சோதனை முடிவு: கிமு 3482க்கும் 3102க்கும் இடையே. உலகில் நமக்குக் கிடைத்ததிலேயே மிகப் பழைய நெய்த உடை. மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டன் போக முடியாதவர்கள் அவர்களுடைய ஆன்லைன் பட்டியலில் 'தர்கான்' என்று தேடுங்கள், அந்தச் சட்டையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.