கொட்டகையின் பெண்கள் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் சினிமா பாடம் எடுக்கிறேன் என்றால், "படம் பார்ப்பதில் படிக்க என்னம்மா இருக்கிறது?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். இன்று அதற்குப் பதில் சொல்கிறேன்.

என் படிப்பு உசிலம்பட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் தொடங்கியது. தரை டிக்கெட். நடுவில் குட்டைச் சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க, அத்தை மணலைக் குவித்து மேடாக்கி என்னை உட்கார வைப்பார். மறுநாள் குழாயடியில், படத்துக்கு வர முடியாத பெண்களுக்கு அத்தைதான் கதை சொல்வார். முடிவை மட்டும் மாற்றிவிடுவார். திரையில் புருஷன் காலில் விழுந்து அழுத கதாநாயகி, அத்தை வாயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். "ஆமா, அதுதான் சரி" என்பார்கள் குடத்தோடு நிற்கிறவர்கள்.

பிற்பாடு, 1975-ல் பிரிட்டிஷ் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தேன். படம் ஆணின் கண்ணாகப் பார்க்கிறது, பெண் பார்க்கப்படும் பொருளாகிறாள் என்கிறார். உண்மைதான். ஆனால் என் அத்தையை அதில் காணவில்லை. அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி மதுரையிலேயே தங்கி, ஏழை ரசிகர்களோடு பேசி எழுதிய ஆய்வு 1993-ல் வெளிவந்தது. அது தந்த துணிச்சலில்தான் குழாயடிப் பேச்சை என் ஆய்வாக எடுத்தேன். "இதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டது இன்னும் மனதில் முள்ளாகக் கிடக்கிறது.

அப்புறம் கொட்டகையே போனாகக் கைக்குள் வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, குறுவீடியோ செயலியான டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 24-ஆம் தேதி தடையை விலக்கியது. இடையில் 22-ஆம் தேதி, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று அதே கிளை தீர்ப்பளித்தது. வகுப்பு முழுக்க டிக்டாக் பேச்சுதான். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள் என்றேன். திருநங்கை திரையில் வந்தாலே கொட்டகை சிரிக்கும்படி எத்தனை படங்களில் வசனம் எழுதினார்கள்! இன்று திருநங்கைகளே கேமராவைத் தங்கள் பக்கம் திருப்பிப் பேசுகிறார்கள். அந்த வீடியோக்களுக்குக் கீழே வரும் வசவுகளைப் படித்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் பேசுகிறார்கள்.

என் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலை இதுதான்: வீட்டில் போன் எந்த நேரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி நோட்டைக் கொண்டுவந்தாள். மாலை முழுக்க அண்ணன். பாத்திரம் கழுவிய பிறகு அரை மணி நேரம் அவள். அம்மாவுக்கு ஒரே வரி: "ஞாயிறு இரவு, அப்பா தூங்கிய பின், சத்தம் வைக்காமல்."

நன்றி, வணக்கம்.