வரமும் வரம்பும்

அவையோருக்கு வணக்கம். குழந்தைகளுக்கான மாயக்கதைப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிற்காது. ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன்: 2020இல் வந்த 'ஃபோர் கிட்ஸ் அண்ட் இட்', ஆண்டி டி எமனி இயக்கியது. துணையைப் பிரிந்த ஓர் அப்பா, அதேபோல ஓர் அம்மா, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் ஒரு விடுமுறை வீடு. மணலுக்கடியில் நாளுக்கொரு வரம் தரும் ஒரு கிழட்டுப் பிராணி. முதலீடு இவ்வளவுதான்.

வரக்கதை நமக்குப் புதிதா என்ன? கைகேயிக்குத் தசரதன் கொடுத்த இரண்டு வரங்களை நினைத்துப் பாருங்கள். சம்பராசுரன் போரில் கொடுத்த வாக்கு. கெடு கிடையாது, இன்னதைக் கேட்கலாம் இன்னதைக் கேட்கக்கூடாது என்ற பேச்சும் கிடையாது. தேதி போடாத காசோலை மாதிரிப் பெட்டியில் கிடந்தது. மூத்தாள் மகன் முடிசூடப் போகிறான் என்ற அன்று வங்கிக்குப் போனது. நம்மிடம் உள்ள பெரிய மாற்றாந்தாய்க் கதையே ஒரு வரக்கதைதான். இரணியன் இதற்கு நேர் எதிர். பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கி வாங்கினான். அத்தனை அடுக்கியும் அந்திப்பொழுதும் வாசற்படியும் விட்டுப்போயின. கதை கட்டுகிறவனுக்கு வரத்தைவிட வரம்பில்தான் சரக்கு அதிகம்.

இந்தப் படத்தின் வரம்பு 1902இல் போடப்பட்டது. ஈ. நெஸ்பிட் என்ற எழுத்தாளர் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராக எழுதி, அதே ஆண்டு நூலாக வந்த 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' கதையில்தான் அந்தப் பிராணி பிறந்தது. நத்தைக்குப் போல நீண்டு சுருங்கும் கொம்பில் கண், வௌவால் காது, சிலந்தி போலத் திரண்ட உடம்பில் அடர்ந்த ரோமம், குரங்கின் கைகால். மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெஸ்பிட் பெயர் செய்தார்: சாமியட். நம் காதில் 'சாமி' என்றுதான் விழும். சாமியேதான், ஆனால் எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுகிற சாமி.

இதன் விதிகளைப் பாருங்கள். நாளுக்கு ஒரு வரம். பொழுது சாய்ந்தால் பலித்தது மறையும். பிராணி மூச்சைப் பிடித்து உப்பினால்தான் வரம் பலிக்கும், அதில் அதற்கு உடம்பு நோகும். தண்ணீர் பட்டால் அதற்கு ஆபத்து. நான்கு விதிக்குமேல் இல்லை, நான்குமே காரியம் செய்கின்றன. வலிக்கிறது என்பதால் வரம் இலவசம் ஆகாது. தண்ணீருக்குப் பயம் என்பதால் சர்வவல்லமை ஆகாது. பொழுது சாய்ந்தால் முடியும் என்பதால் எந்த அசட்டு வேண்டுதலும் உயிரை வாங்காது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்குக் கை' கதையும் அதே 1902தான். அங்கே மூன்று வரம், பொழுது சாய்ந்தால் மறையும் என்ற சலுகை கிடையாது, ஆகவே அது பேய்க்கதை. அந்திக் கெடு ஒன்றைச் சேர்த்ததால் இங்கே அது குழந்தைக் கதை.

வேண்டுதல்கள் எப்படிக் கெடுகின்றன என்பதில்தான் நெஸ்பிட்டின் கைத்திறன். அழகாக வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு அழகாகிவிடுவதால் சொந்தத் தம்பிக்கே அடையாளம் தெரியாமல் அழுகிறான், வேலைக்காரி வீட்டுக்குள் விடுவதில்லை, மதியச் சாப்பாடு போயிற்று. மணற்குழி நிறையத் தங்கக்காசு கேட்கிறார்கள். வருவதோ புழக்கத்திலிருந்து என்றோ போய்விட்ட பழைய கினிக் காசு, எந்தக் கடையிலும் செல்லாது. குதிரையும் வண்டியும் வாங்கப் போன பிள்ளைகளைப் போலீஸில் ஒப்படைக்கிறார்கள். சிறகு கேட்டுப் பறந்து, மாதாகோவில் கோபுரத்தின்மேல் களைத்துத் தூங்கிவிடுகிறார்கள். விழிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது, கோபுரக் கதவோ பூட்டிக் கிடக்கிறது.

இன்னொன்று இதைவிட நுட்பம். வரத்தால் நேர்வது வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று முன்யோசனையாக ஒரு வேண்டுதல் போட்டு வைக்கிறார்கள். பிறகொரு நாள் வீடு முற்றுகையிடப்பட்ட கோட்டையாகிறது. அந்த முன்யோசனையால் வேலைக்காரிக்குக் கோட்டை தெரியவில்லை, அவள் பரிமாறும் சாப்பாடு இவர்களுக்குத் தெரியவில்லை! கண்ணுக்குப் புலப்படாத உணவைத் தடவித் தடவிச் சாப்பிட வேண்டியிருக்கிறது. முதல் ஓட்டையை அடைத்த துணியே அடுத்த ஓட்டையாகிறது. திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்திக் கெடுவைப் பற்றி ஒரு கணக்கு. சென்னையில் வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான். நமக்கு அது கிட்டத்தட்ட நிலையான மணி. லண்டனிலோ டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஜூனில் இரவு 9.20 ஆகும். 1902இல் கடிகாரப்படி அதுவே 8.20, ஏனென்றால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கம் அங்கே 1916இல்தான் வந்தது. ஆக, வரக்கதையைக் கோடை விடுமுறையில் வைத்தால் ஒரு வரம் பதினாறு மணி நேரம் தாங்கும், கிறிஸ்துமஸில் வைத்தால் எட்டு மணி நேரத்துக்குள் கதை முடியும். 2020 படத்தில் ஸ்மாஷ் என்ற பெண் பாப் பாடகியாக வேண்டும் என்கிறாள். கச்சேரி தொடங்குவதே சாயங்காலம். கேட்ட வரமும் வரத்தின் கெடுவும் ஒரே நேரத்தில் மேடையேறுகின்றன. பதற்றத்துக்காகத் தனியாக எதையும் சேர்க்க வேண்டாம், வேண்டுதலுக்குள்ளேயே இருக்கிறது.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். நெஸ்பிட் கதையின் ஐந்து பிள்ளைகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் எழுதியவர் வீடு அப்படி இல்லை. நெஸ்பிட் பெற்றது பால், ஐரிஸ், ஃபேபியன் என மூவர். கணவர் ஹியூபர்ட் பிளாண்டுக்கும் அதே வீட்டில் வசித்த தோழி ஆலிஸ் ஹோட்சனுக்கும் பிறந்தவர்கள் ரோசமண்ட், ஜான் என இருவர். அந்த இருவரையும் நெஸ்பிட் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். எண்ணிப் பாருங்கள், ஐந்து. ஃபேபியன் 1900இல் பதினைந்து வயதில், ஓர் அறுவைச் சிகிச்சையை ஒட்டி இறந்தான். இரண்டு ஆண்டு கழித்து வந்த இந்த வரக்கதையை நெஸ்பிட் காணிக்கையாக்கியது தான் பெறாத ஜானுக்கு. இன்னும் வாசிக்கத் தெரியாத சின்னவனே என்று அவனைக் கூப்பிட்டுத்தான் காணிக்கைப் பாட்டு தொடங்குகிறது. கதையில் வரும் கைக்குழந்தைக்கும் ஜானுக்கும் ஒரே செல்லப்பெயர்: ஆட்டுக்குட்டி.

அந்தக் குட்டியை வைத்து ஓர் அத்தியாயம் உண்டு. தொல்லை தாங்காமல், இவனை யாராவது வேண்டுமென்று கேட்டால் தேவலை என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார்கள், வரம் பலித்துவிடுகிறது. வழியில் கண்டவரெல்லாம் குழந்தை எனக்கு, எனக்கு என்று பிடுங்க வருகிறார்கள். ஒரு சீமாட்டி வண்டியில் தூக்கிக்கொண்டே போகிறாள். பிறகு ஒரு நாடோடிக் கூட்டம். பொழுது சாய்ந்ததும் ஆசை எல்லாருக்கும் சட்டென்று விட்டுப்போகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் விடவில்லை. பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவள் அவள். குழந்தையை வாழ்த்தி முத்தமிட்டுத் திருப்பித் தருகிறாள். அவள் பிரியம் வரத்தால் வந்ததல்ல, ஆகவே கெடுவும் அதற்குக் கிடையாது. ஒட்டுக் குடும்பத்தைப் பற்றி அந்த நூலில் வெளிப்படையாக ஒரு வரி இல்லை. ஆனாலும் மொத்தமும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

ஜாக்குலின் வில்சன் 2012இல் இந்தப் பிராணியை நம் காலத்துக்குக் கொண்டுவந்து 'ஃபோர் சில்ட்ரன் அண்ட் இட்' எழுதினார். அந்த நாவலில் அப்பா பக்கம் ரோசலிண்ட், ராபி. அவருடைய இரண்டாம் மனைவி பக்கம் ஸ்மாஷ். இருவருக்கும் பொதுவாகப் பிறந்தவள் குட்டி மாடி. படம் இதில் கைவைத்துவிட்டது. படத்தில் மாடி, ஸ்மாஷின் தங்கை. இரண்டுக்கு இரண்டு என்று கணக்கு நேராகிறது, ஆனால் நான்கு பேரையும் ரத்தத்தால் கட்டியிருந்த ஒரே முடிச்சு அவிழ்கிறது. நாவலில் எவ்வளவு சண்டை போட்டாலும் மாடி இரு பக்கத்துக்கும் தங்கைதான். படத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை. சண்டை கூர்மையாகிறது என்பது லாபம். சமாதானத்துக்கு உள்ளேயிருந்து ஒரு வழியும் இல்லாமல் போவது நஷ்டம். அதை ஈடுகட்ட வெளியிலிருந்து ஒரு வில்லன் தேவைப்படுகிறான். ரஸ்ஸல் பிராண்ட் நடித்த அந்தச் சீமான், பிராணியைப் பிடிக்கத் துடிக்கிறான். என் கணக்கில் அவன் திரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் சாப்பாட்டு மேசைச் சண்டையிலிருந்து பிடுங்கிய நிமிஷம்.

இத்தகைய வீட்டில் பிள்ளை உண்மையில் வேண்டுவது சிறகும் அல்ல, மேடையும் அல்ல. போன அம்மா திரும்பி வர வேண்டும். இதைக் கதையாசிரியர் எப்படிச் சமாளிப்பது? மனத்தை மாற்றும் வரம் கிடையாது என்று முதலிலேயே விதி போட்டுவிடலாம். பத்திரமான வழி, ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு ஏமாற்றுவேலை என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கொடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது பிடுங்கலாம். நெஞ்சை உலுக்கும், பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடூரமும்கூட. கேட்கலாம் என்று தெரிந்தும், வாய்வரை வந்தும், அந்தப் பிள்ளையே கேட்காமல் விடலாம். இதுதான் கஷ்டமான வழி. இதற்கு வசனம் உதவாது, முகம் வேண்டும், நடிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும்.

பிள்ளைகளை வைத்துப் படமெடுப்பதில் இன்னொரு வரம்பு வருகிறது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி 5 முதல் 8 வயதுப் பிள்ளை படப்பிடிப்பு இடத்தில் 8 மணி நேரம்தான் இருக்கலாம், அதில் நடிப்பு 3 மணி. ஒன்பது வயது முதல் 9½ மணி, நடிப்பு 5 மணி. பள்ளி நாளானால் 3 மணி நேரப் பாடம் தனி. நம் நாட்டு 2017ஆம் ஆண்டு விதி நாளுக்கு 5 மணி, ஓய்வில்லாமல் 3 மணிக்குமேல் கூடாது என்கிறது. நான்கு பேர் கொண்ட காட்சியில் நேரத்தை முடிவு செய்வது கடைக்குட்டிதான். அதனால் நால்வரும் சேர்ந்த காட்சியையும் கடைக்குட்டியின் நெருக்கக்காட்சியையும் முதலில் முடித்து அனுப்பிவிட வேண்டும். மூத்தவர்களின் நெருக்கக்காட்சியில் அவள் பின்தலை தெரிய வேண்டிய இடத்தில் அதே உயரமுள்ள மாற்று ஆள் போதும். வரிசை மாறினால் மத்தியானம் மூன்று மணிக்கு மூன்று பிள்ளைகளும் பாதிக் காட்சியும் மிச்சமாகும்.

நெஸ்பிட் கதையை வைத்து 2004இல் வந்த முந்தைய படத்தில் பிராணிக்குப் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் கூடத்தார் பொம்மை செய்தார்கள். 2020இல் அது கணினி உருவம், குரல் மைக்கேல் கெய்ன். பொதுவாகக் கணினிப் பிராணிக் காட்சி எடுக்கும் முறை இது: முதலில் அதே அளவு பஞ்சுப் பொம்மையை மணலில் வைத்து ஒருமுறை. பிறகு பொம்மை இல்லாமல் ஒருமுறை. பிறகு பிள்ளைகளும் இல்லாமல் வெறும் இடம். கடைசியில் சாம்பல் நிற உருண்டையும் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டையும் பிடித்து வெளிச்சத்தைப் பதிவு செய்வது. கெடுவது இரண்டாவது முறையில். பொம்மையை எடுத்ததும் பிள்ளைகள் நாலு பேரும் நாலு புள்ளியைப் பார்ப்பார்கள். அதையும் சரிசெய்தால், அருகே மூன்றடியில் இருக்க வேண்டிய பிராணியைத் தாண்டித் தூரத்துக் கடலைப் பார்ப்பார்கள். கருவிழி உள்வாங்காமல் விலகி நிற்கும். திரையில் அது ஏனென்று தெரியாமலே பொய்யாகப் படும். அந்த இடத்தில் மெல்லிய கம்பி நுனியில் சின்னப் புள்ளி ஒன்றை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மணல் இன்னொரு வம்பு. ஒவ்வொரு முறையும் காலடித் தடம் மாறும், ஒவ்வொரு முறையும் வாரி கொண்டு சமப்படுத்த வேண்டும். பிள்ளைகளின் மூன்று மணி அதிலும் கரையும்.

கடைசியாக, இந்தப் படத்தைத் தமிழில் குரல் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் பிள்ளைகள் அப்பாவின் புதுத் துணையை 'ஆலிஸ்' என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். நெஸ்பிட் வீட்டு ஆலிஸின் அதே பெயர். நம் காதுக்கு அது மரியாதைக் குறைவாகவே கேட்கும், அந்நியம் என்ற அர்த்தம் வராது. முதல் பாதியில் 'ஆன்ட்டி' சரியாக இருக்கும். ஆலிஸ் என்பதில் உதடு ஒட்டாது, ஆன்ட்டியிலும் ஒட்டாது, வாய் திறப்பும் ஒன்றே. 'சித்தி'யிலும் உதடு ஒட்டாது. குரல் வசனம் எழுதுகிறவர், உதடு ஒட்டாத சொற்களாலேயே நிரோட்டகம் பாடிய புலவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். 'அம்மா'வில் ஒட்டிவிடும், முகம் தெரியும் காட்சியில் அந்தச் சொல் உட்காரவே உட்காராது. அது ஒருவகையில் நல்லதுதான். சிக்கல் எதிர்ப்பக்கம். அம்மாவின் புதுத் துணையை, டேவிட்டை, ஸ்மாஷ் எப்படிக் கூப்பிடுவது? 'மாற்றாந்தந்தை' எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. 'சித்தப்பா' என்றால் அப்பாவின் தம்பி என்றுதான் அரங்கில் பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள். 'அங்கிள்' எல்லா வாயசைவுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் டேவிட்டின் 'வி'யில் கீழுதடு பல்லைத் தொடுவது தெரியும், அங்கிளில் தெரியாது. ஆகவே நெருக்கக்காட்சியில் பெயரையே விட்டுவிட்டு 'இங்க வாங்க' என்று எழுதி, அவள் முதுகைக் காட்டி நிற்கும் காட்சிகளில் மட்டும் 'அங்கிள்' போட வேண்டியிருக்கும்.