ஒட்டக விமானமும் ஒரு காகித மேலுறையும்

(நூலக வாசகர் வட்ட விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, இந்த அரங்கத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த புரவலர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே! பொன்னாடை போர்த்தாமல் புத்தகம் கொடுத்து வரவேற்றீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. நூலகர் தம்பி அதை மேலுறை கசங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். நான் பேச வந்த விஷயமே அதுதான். "ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். புத்தகத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை வைத்து மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். எழுதியவர், கதை, பிறகு பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது.

புத்தகத்தின் பெயர் 'தி கேமல்ஸ் ஆர் கமிங்'. 1932-இல் லண்டனில் ஜான் ஹாமில்டன் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் டபிள்யூ. ஈ. ஜான்ஸ். பிக்கிள்ஸ் என்ற இளம் விமானியை உலகத்துக்குக் கொடுத்த முதல் புத்தகம் இது. அதற்குப் பின் பிக்கிள்ஸ் புத்தகங்கள் நூற்றை நெருங்கின. கதைப்படி பிக்கிள்ஸ் நம் இந்தியாவில் பிறந்த பையன். அவனுடைய இந்தியச் சிறுவயதைச் சொல்ல 1968-இல் தனியாக ஒரு புத்தகமே வந்தது.

முதல் உலகப் போர். பிரான்சின் மேலே சாப்வித் கேமல் என்ற ஒற்றை ஆள் போர் விமானம். மூக்குப் பக்கம் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை மூடிய தகடு ஒட்டகத் திமில் மாதிரி புடைத்து நிற்கும். இன்ஜினே காற்றாடியோடு சேர்ந்து சுழலும் வகை. அந்தச் சுழற்சி வேகத்தில் விமானம் வலப்பக்கம் வெட்டித் திரும்பும். பழகியவன் கையில் எதிரிக்கு எமன். பழகாதவனைத் தரையில் குத்திக் கொன்றுவிடும். பயிற்சியிலேயே எத்தனையோ இளைஞர்கள் போனார்கள். அந்தப் பயம் கதைகளில் இருக்கிறது. பிற்காலப் பிக்கிள்ஸ் எதற்கும் அசையாத வீரன். முதல் புத்தகத்துப் பிக்கிள்ஸுக்கோ கை நடுங்கும், நரம்பு தளர்ந்திருக்கும், காதலில் ஏமாந்து நிற்பான். எனக்கு இந்தப் பையனைத்தான் பிடிக்கும்.

ஜான்ஸுக்குப் போர் கேள்விப்பட்ட சங்கதி அல்ல. துருக்கியின் கலிப்போலி போர்முனையில் தரைப்படையில் இருந்தவர். அப்புறம் விமானப்படைக்கு வந்து, 55-ஆம் படைப்பிரிவில் குண்டு வீசும் விமானம் ஓட்டினார். 1918 செப்டம்பர் 16 அன்று ஜெர்மனிக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டார். பின் இருக்கையில் இருந்த தோழர் இறந்துபோனார், இவர் கைதியானார்.

இந்த ஜான்ஸைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். 1922 ஆகஸ்ட். ஜான்ஸ் லண்டனில் கோவென்ட் கார்டன் பக்கம் விமானப்படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் அதிகாரி. ஒருநாள் ஒல்லியாக, வெளுத்துப்போன ஒரு மனிதர் வந்து நிற்கிறார். கடைநிலை வீரனாகச் சேர வேண்டுமாம். பெயர் என்ன? ஜான் ஹியூம் ராஸ். பிறப்புச் சான்றிதழ்? இல்லை. நன்னடத்தைச் சான்று? அதுவும் இல்லை. "போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஜான்ஸ் அனுப்பிவிட்டார். ஆள் போனதும் சந்தேகம் வந்து பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொன்னார். அப்படி ஒரு ராஸ் பிறந்ததாகவே பதிவு இல்லை. மறுபடி வந்தவர் காகிதங்களோடு வந்தார். பார்த்தால் எல்லாம் போலி. வெளியே போகச் சொல்லிவிட்டார் ஜான்ஸ். சரி, முடிந்தது என்று நினைத்தால், மூன்றாவது முறையும் அதே ஆள்! இந்தத் தடவை விமானத்துறை அமைச்சகத்தின் ஆள் ஒருவர் உத்தரவோடு கூடவே வருகிறார்: இவரைச் சேர்த்துக்கொள்.

உத்தரவு வந்தால் மட்டும் போதுமா? மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகெல்லாம் கசையடித் தழும்பு. உடம்பும் தேறாத உடம்பு. "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றுவிட்டார் மருத்துவர். ஜான்ஸ் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவரைச் சேர்க்காவிட்டால் உன் வேலை போய்விடும் என்று பதில் வந்தது. கடைசியில் வேறொரு மருத்துவரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினார்கள். யார் அந்த ராஸ்? அரேபியப் பாலைவனத்தில் துருக்கியருக்கு எதிரான கலகத்தில் முன்நின்ற, உலகமே கொண்டாடிய கர்னல் டி. ஈ. லாரன்ஸ்! புகழ் வேண்டாம் என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஜான்ஸே பிற்பாடு எழுதிய கதை இது. பாருங்கள், ஆள் பாதி, ஆடை பாதி. அங்கி அணிந்து பாலைவனத்தில் நின்றபோது உலகம் அறிந்த மனிதரை, சாதாரண உடுப்பில் மேசைக்கு எதிரே நின்றபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இனி பதிப்புகளுக்கு வருகிறேன். 1932-இன் முதல் பதிப்பு கிடைப்பது அரிது. மூல மேலுறையோடு கிடைப்பது அதைவிடப் பல மடங்கு அரிது, விலையும் அப்படியே. சேகரிப்பவர்கள் முதலில் கை வைப்பது மேலுறையின் உள்மடிப்பில்தான். அங்கே கீழ்மூலையில் விலை அச்சாகியிருக்கிறதா, அல்லது பரிசாகக் கொடுத்தவர் விலை தெரியக் கூடாதென்று மூலையை வெட்டிவிட்டாரா என்று பார்ப்பார்கள். பிறகு முதுகுப் பக்கம் வெயில் பட்டு வெளுத்திருக்கிறதா, இது பழைய தாளா, புதிதாக அச்சடித்த நகல் மேலுறையா என்று பார்ப்பார்கள். நகலைப் போடுவது தவறில்லை. நகல் என்று சொல்லி விற்க வேண்டும்.

உள்ளேயும் மாற்றம் உண்டு. உளவு பலூன் ஒன்றை வீழ்த்தும் கதையில் முதலில் பந்தயப் பரிசு ஒரு பெட்டி விஸ்கி. பெரியவர்களும் படிக்க எழுதிய கதை அது. பிற்காலத்துச் சிறுவர் பதிப்பில் அதே பெட்டி எலுமிச்சைப் பானமாகிவிட்டது. பழைய பிரதி கையில் இல்லாவிட்டால் இப்படி மாற்றினார்கள் என்பதே நமக்குத் தெரியாது. அதனால்தான் பழைய பிரதி வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

ஏன் அரிதாயிற்று? படித்தவர்கள் சிறுவர்கள். கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. 'பிக்கிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை' 1935-இல் முதலில் வந்ததே மலிவான தாளட்டைப் பதிப்பாகத்தான். பிறகு இரண்டாம் உலகப் போர். 1940 டிசம்பர் 29 இரவு லண்டனின் புத்தக வீதியான பேட்டர்நாஸ்டர் ரோவில் குண்டு விழுந்தது. ஏறக்குறைய 50 லட்சம் புத்தகங்கள் சாம்பல். மிஞ்சியதிலும் வீட்டுக்கு வீடு பழைய புத்தகம் திரட்டி, போர்த் தேவைக்காகக் கூழாக்கினார்கள்.

அங்கே போர் செய்த வேலையை இங்கே எடைத்தராசு செய்கிறது. நான் பார்த்த ஒரு நூலகத்தில், பெயர் வேண்டாம், புதுப் புத்தகம் வந்ததும் மேலுறையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு முத்திரை குத்துகிறார்கள். அட்டை எண் ஒட்ட இடைஞ்சலாம்! எங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடையில் 'அம்புலிமாமா' கட்டுக்கட்டாக எடைக்குப் போவதையும் பார்த்தேன். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் 'இரும்புக்கை மாயாவி'யை அட்டையோடு வைத்திருப்பவர் இன்று எத்தனை பேர்? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தனி ஒரு மனிதராக ஆயிரமாயிரமாய்ப் புத்தகமும் இதழும் துண்டறிக்கையும் சேர்த்தாரே! அவர் மறைந்த பிறகு அதை வைத்துத்தானே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. மற்றவர்கள் குப்பை என்று சொன்னதை அவர் எடுத்து வைத்தார்.

அலுவலர் அம்மா இங்கே இருப்பதால் உரிமையோடு கேட்கிறேன். மேலுறையைக் கிழிக்க வேண்டாம்; தெளிவான பாலியெஸ்டர் உறை போட்டால் அதன் மேலேயே எண் ஒட்டலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். கழிவுப் பட்டியலில் சேரும் சிறுவர் நூல்களையும் இதழ்களையும் ஏலம் விடும் முன் வாசகர் வட்டத்திடம் ஒருமுறை காட்டுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் பூட்டோடு ஒரே ஓர் அலமாரி கொடுங்கள், போதும். ஆள் பாதி, ஆடை பாதி. பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியைப் பாதுகாக்கிறோம் என்று நாம் சொல்லலாமா?

மனு ஒன்று எழுதி வந்திருக்கிறேன். வாசல் மேசையில் பேனாவோடு இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பரணில் பழைய சிறுவர் இதழ் வைத்திருப்பவர்கள் அதே தாளின் பின்பக்கம் பெயரும் எந்த ஆண்டு இதழ் என்பதும் எழுதுங்கள். நானே உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.

நன்றி, வணக்கம்.