குறைவாகக் கொடுத்தால் போதாதா?

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோயும் நீரிழிவும் சேர்ந்து வருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், ஒரு பழைய கதையோடு தொடங்குகிறேன்.

கடற்கரை ஸ்டேஷனில் ஏறி மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்கள், குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: தாம்பரம் சானடோரியம். காசநோய் வந்தவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொடுத்து மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அப்படி வைத்திருந்தால்தான் நோய் குணமாகும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பினார்கள். நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். இடம் கிடைக்காதவர் வீட்டில் இருமிக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

1956-ல் நம் சென்னையில் ஒரு கேள்வி கேட்டார்கள். வாயால் சாப்பிடும் மருந்துதான் வந்துவிட்டதே, நோயாளியை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் ஆகாதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், மெட்ராஸ் அரசு ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நகரத்தின் ஏழை நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதிப் பேரை வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் இருந்தார்கள், அரைகுறையாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

இதில் குலுக்கல் என்பதுதான் உயிர்நாடி. யாரை எங்கே அனுப்புவது என்று மருத்துவரே முடிவு செய்திருந்தால், பார்க்கப் பாவமாக இருந்தவர்களையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் இரண்டு கூட்டத்தையும் எப்படி ஒப்பிடுவது? மனிதர்களின் இரக்கம், சிபாரிசு, பயம் எதுவும் உள்ளே நுழையாதபடி ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்குப் பெயர்தான் மருத்துவ ஆய்வு.

நான் பேச வந்தது காசநோயைப் பற்றி அல்ல. புற்றுநோயும் நீரிழிவும் ஒரே உடம்பில் சேர்ந்து வரும்போது என்ன ஆகிறது, அதைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் சொல்ல வந்தேன். ஆனால் ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டுப் புது மருந்து, லட்ச ரூபாய் ஊசி என்றே நினைக்கிறோமே, அந்த நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பழைய கதை. குறைவாகக் கொடுத்தால் போதாதா, எளிதாகச் செய்தால் ஆகாதா என்று கேட்ட ஆய்வுகள் நம் பக்கத்தில் நிறைய நடந்திருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸுகள், கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான் பரிசோதனை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தாரும் பங்கெடுத்த அந்த ஆய்வில், கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான முடிவு இது.

நீரிழிவிலும் சென்னைக்குப் பெருமை உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரை வைத்து இங்கே செய்த தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டும் சேர்த்தவர்களில் 39.5. நடப்பவருக்கு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். ஆக, சென்னையில் எந்தப் புற்றுநோய் ஓ.பி.யில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலிக்காரரின் மஞ்சள் பையில் ஒரு சுகர் ஃபைலும் இருக்கும். ஆனால் புதிய புற்றுநோய் மருந்துகளின் ஆய்வுகளில், சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர், சிறுநீரகம் தளர்ந்தவர், ஏற்கெனவே கால் மரத்துப்போனவர் எல்லோரையும் பெரும்பாலும் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். முடிவு தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த மருந்து கடைசியில் போய்ச் சேருவது யாருக்கு? வெளியே நிறுத்தப்பட்ட அதே ஆளுக்கு.

மெட்ஃபார்மின் கதையே ஒரு பாடம். இந்த மாத்திரை சாப்பிடும் நீரிழிவுக்காரர்களுக்குப் புற்றுநோய் குறைவு, வந்தாலும் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று பழைய ஃபைல்களைப் புரட்டிப் பலர் எழுதினார்கள். ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஒரு மாத்திரையைப் பத்து வருடம் சாப்பிட்டவர் என்று ஒருவரைக் கணக்கில் எழுத வேண்டுமானால், அவர் அந்தப் பத்து வருடமும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் அல்லவா? மாத்திரையால் வாழ்ந்தாரா, வாழ்ந்ததால் மாத்திரை சாப்பிட்டாரா? இந்தச் சிக்கலைக் குலுக்கல்தான் அவிழ்க்கும். கனடாவின் தலைமையில், நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மினும் மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: புற்றுநோய் திரும்பாமல் தடுப்பதில் பயன் இல்லை. இதைக் கேட்டுவிட்டுச் சுகருக்காகச் சாப்பிடும் மெட்ஃபார்மினை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அது சர்க்கரைக்கு நல்ல மருந்து.

இப்போது கால்களைப் பற்றி. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பேக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற, புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். விரல் மதமதக்கும், பாதம் எரியும், சட்டைப் பொத்தான் போட வராது, செருப்பு நழுவுவது தெரியாது. நீரிழிவும் இதே வேலையைத்தான் பல ஆண்டுகளாக மெல்லச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளி என்ன செய்கிறார்? மருந்துக் கடையில் போய் நரம்புக்கு ஏதாவது கொடுங்கள் என்கிறார். அப்படிக் கிடைக்கும் மாத்திரைகள் சிலவற்றில் அசிட்டைல் எல் கார்னிட்டின் என்ற பொருள் இருக்கிறது. நீரிழிவு நரம்பு வலிக்கு இது உதவலாம் என்று முன்பு சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. கீமோவுக்கும் உதவுமே என்று எண்ணி, அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த 409 பெண்களிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2013-ல் வெளியானது. இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறையவில்லை, கூடியிருந்தது! வைட்டமின் மாதிரிதானே, சாப்பிட்டு வைப்போம் என்று நினைத்த ஒன்று. கீமோ நடக்கும்போது எந்த நரம்பு மாத்திரையையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அட்டையைக் காட்டாமல் சாப்பிடாதீர்கள்.

ஜப்பானில் இதற்கு எளிதான ஒன்றை முயன்றார்கள். மருந்து ஏறும் நேரத்தில் ஒரு பக்கத்துக் கைக்கும் காலுக்கும் மட்டும் உறைய வைத்த கையுறை, காலுறை. மறு பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஆளின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுக்கொன்று ஒப்பீடு! 2018-ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், குளிரூட்டிய பக்கம் மரத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவுக் காலில் பனிக்கட்டி வைப்பது விபரீதமாகலாம். வீட்டில் ஐஸ் கட்டியை எடுத்து நீங்களே செய்து பார்க்கும் காரியம் இல்லை இது.

மரத்த காலுக்குத் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு போடுவது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை மருத்துவரிடம் செய்துகொள்வது என்று நீரிழிவுக்காரருக்குச் சொல்வதையேதான் கீமோ எடுப்பவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குனி வெயிலில் மயிலாப்பூர் மாடவீதியில் செருப்பில்லாமல் தேர் பார்க்கப் போய், தார் சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், தடித்த காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கீமோ அன்று வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கொடுப்பது வழக்கம். காலையில் கொடுத்தால் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். மறுநாள் வெறும் வயிற்றில் சோதித்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். அதனால் அந்த ஓரிரு நாட்கள் மாலையில் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுச் சோற்றையே நிறுத்திவிட்டு இன்சுலினை மட்டும் போட்டுக்கொள்வது இதைவிட ஆபத்து.

வாந்தி என்றதும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓலான்சபின் என்ற மாத்திரை கீமோ வாந்தியை நன்றாகத் தடுக்கும். ஆனால் 10 மில்லிகிராம் கொடுத்தால் மறுநாள் முழுக்கத் தூக்கம் தள்ளும். 2.5 மில்லிகிராமே போதும், தூக்கக் கலக்கமும் குறைவு என்று அவர்கள் 2024-ல் காட்டினார்கள். அதே மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத 20 மில்லிகிராம் அளவில், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். குறைந்த அளவு முழு அளவுக்கு ஈடாகுமா என்று இந்த ஆய்வு சோதிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முழு அளவு வாங்கவே முடியாத குடும்பத்துக்கு அந்தக் கேள்வியைவிட இந்த விடை பெரிது. மருந்துக் கம்பெனிகள் இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் போடுமா? தன் சரக்கைக் குறைவாக விற்பதற்கு யார் பணம் போடுவார்? அரசும் அறக்கட்டளைகளும்தான் போட வேண்டும்.

உங்களையோ உங்கள் வீட்டுப் பெரியவர்களையோ இப்படி ஓர் ஆய்வில் சேரச் சொன்னால், சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்ற பயம் வருவது இயல்பு. 2009 ஜூன் 15-லிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வுகளை, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது, நடுவில் விலகலாம், ஆய்வினால் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குச் சுகர் இருக்கிறதே, என்னைச் சேர்ப்பீர்களா, சேர்த்தால் என் காலையும் சிறுநீரகத்தையும் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளில் ஆய்வு மருத்துவரின் எண்ணும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் எண்ணும் அச்சிட்டிருக்கும். மருத்துவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் இரண்டாவது எண்ணைக் கூப்பிடுங்கள், அது அதற்காகத்தான்.

வணக்கம்.