ராய்கட் படிக்கல்லில் ஒரு பெயர்

(மும்பை செம்பூரில் நம் சங்கத்தின் குடும்ப விழாவில் பேசியது. எழுதித் தரும்படி பலர் கேட்டதால் இங்கே தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை சொன்ன செயலாளர் அம்மா அவர்களே, டோம்பிவிலியிலிருந்து குர்லாவில் ரயில் மாறி, கையில் குழந்தையோடு வந்திருக்கும் மகளிர் அணித் தங்கைகளே, காலையிலிருந்து நூற்றைம்பது பேருக்குச் சமைத்துவிட்டு இன்னும் சாப்பிடாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே. முதல் வரிசையில் என் பழைய தலைமையாசிரியர் ஐயா இருக்கிறார். இருபத்தெட்டு வருடம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் நடத்தினேன் என்றால் அதற்கு முதல் காரணம் அவர்தான். ஐயா, உங்களைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

மராட்டிய மன்னர் சிவாஜியின் தலைநகராக இருந்த ராய்கட் மலைக்கோட்டைக்குப் போய்வந்த கதையைச் சொல்லுங்கள் என்று செயலாளர் அம்மா கேட்டார். மூன்று விஷயம் சொல்வதாக இருக்கிறேன். கோட்டையை எப்படிப் பார்ப்பது, அதற்கும் நம் செஞ்சிக்கும் என்ன உறவு, வயதானவர்களை அழைத்துப் போக என்ன ஏற்பாடு வேண்டும்.

மும்பையிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் மகாட் வரை போய், அங்கிருந்து உள்ளே சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரத்தில் பாச்சாட் என்ற ஊர் வரும். அவசரமாக மேலே போய்விடாதீர்கள், ஜீஜாபாயின் சமாதி இங்கேதான் இருக்கிறது. 1674 ஜூன் 6 அன்று மகன் சிவாஜிக்கு மலைமேல் முடிசூட்டியதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம்கூட ஆகாமல் கண்ணை மூடிய தாய். அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மேலே போக ரோப்வே இருக்கிறது, சில நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதிலேயே போகலாம். ஆனால் கால் இடம் கொடுத்தால் படியில் ஏறுங்கள். 1,700-க்கு மேல் படிகள். உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கையெழுத்துப் பயிற்சிக்கு முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதிப்போடும் வரி "எறும்பு ஊரக் கல்லும் தேயும்". அதைச் சொல்லிச் சொல்லித்தான் நானும் ஏறினேன். ஏறிப் போனால்தான் மகா தர்வாஜா என்ற பெரிய வாசல் இரண்டு பெரிய கொத்தளங்களுக்கு நடுவே எப்படி ஒளிந்து நிற்கிறது என்று புரியும். பக்கத்தில் போகும்வரை அங்கே வாசல் இருப்பதே தெரியாது.

அரண்மனை என்றதும் மைசூர் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1818-ல் ஆங்கிலேயர் பீரங்கியால் அடித்ததில் மரவேலை எல்லாம் எரிந்துபோய், இன்று இருப்பது கருங்கல் அடித்தளமும் பாதிச் சுவர்களும்தான். ராணிகளின் மனைகள், கங்காசாகர் ஏரி, இரண்டு வரிசைக் கடைவீதி, தர்பார் மேடை. நகார்கானா என்ற முரசு மண்டப வாசலில் மெல்லப் பேசினால் சிம்மாசன மேடையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் செய்து காட்டுவார்கள். என் பேரன் அந்தக் கோடியில் நின்று "பாட்டி, பசிக்குது" என்றான், இந்தக் கோடியில் எனக்குக் கேட்டது.

இனி அன்று நடந்ததைச் சொல்கிறேன். பாதிப் படியில் ஒரு அம்மா மோர் விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிட வயது கூட இருக்கும், தினமும் ஏறி இறங்குகிறவர். ஹிர்கணி கதையை அவர்தான் சொன்னார். பால் விற்க மேலே வந்த பெண், சாயங்காலம் வாசல் அடைத்துவிட்டார்கள், கீழே வீட்டில் கைக்குழந்தை, செங்குத்தான பாறையில் இருட்டில் இறங்கியே போய்விட்டாள். சிவாஜி அதைக் கேட்டு அந்த இடத்தில் கொத்தளம் கட்டி அவள் பெயரையே வைத்தார் என்பது கதை. சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் உடைந்தது. நான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அவள் பெயர் இன்றுவரை நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

மேலே ஒரு சுவர் ஓரம் நிழலுக்கு ஒதுங்கினேன். எதிரே கறுப்புக் கல்லில் வெள்ளையாக எழுத்து. தமிழ் எழுத்து. ஒரு நொடி, நம்புங்கள், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சொந்த ஊரை விட்டு இத்தனை தூரத்தில், ஒரு மலை உச்சியில் நம் எழுத்து! அப்புறம்தான் படித்தேன். ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயம், கீழே வருடம். கூர்மையான எதையோ வைத்து ஆழமாகக் கீறியிருக்கிறான். அந்த "ழ"வின் சுழி இருக்கிறதே, நான் வகுப்பில் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் அதே சுழி. என் பிள்ளைகளில் ஒருவனாகவே இருக்கலாம். முந்தானையை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. என் பேரன் கையைப் பிடித்து இழுத்தான், எல்லோரும் பார்க்கிறார்கள் பாட்டி என்று. பார்க்கட்டும் என்று இன்னும் தேய்த்தேன்.

இறங்கும்போது மோர்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு தாயி?" என்று மராத்தியில் கேட்டார். தாயி என்றால் அங்கே அக்கா. சொன்னேன். எங்கள் எழுத்து அது, வெட்கமாக இருக்கிறது என்றேன். அவர் சொன்னார், "பக்கத்தில் பார்க்கவில்லையா? எங்கள் பிள்ளைகளின் எழுத்தும் இருக்கிறது. நீ உன் பிள்ளைகளுக்குச் சொல், நான் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்." மோருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுகிறேன்.

ஏனென்றால் அதே மலையில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஜகதீஸ்வரர் கோயில் படிக்கல்லில், கோட்டையைக் கட்டிய ஹிரோஜியின் பெயர். சேவைக்கு எப்போதும் தயாராக நிற்கும் ஹிரோஜி என்று ஒரே ஒரு வரி. என்ன பரிசு வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, கோயிலுக்கு வருகிறவர் கால் என் பெயர்மேல் படட்டும், அது போதும் என்றாராம். கோட்டை முழுவதும் பெயர் வெட்டிக்கொள்ள உரிமை உள்ளவர் கேட்டது ஒரு படி. ஒரு நாள் சுற்றிப்பார்க்க வந்த நமக்குச் சுவர் வேண்டுமா?

எறும்பு ஊர்ந்தாலே கல் தேயும் என்கிறோமே, ஆணியால் கீறினால் என்ன ஆகும்? அழிக்கலாம் என்று தேய்த்தால் கல்லும் சேர்ந்துதான் போகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே, சட்டம் அப்படி இருக்கிறது. ஆனால் போலீஸ் பயத்தில் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வயதானவர்களுக்கான ஏற்பாட்டையும் செஞ்சியையும் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை, தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை செஞ்சி. 1689-ல் ராய்கட்டைப் பிடித்த முகலாயத் தளபதி சுல்பிகார் கான், செஞ்சியைப் பிடிக்க 1698 வரை வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 இந்த மாநிலத்தில், ஒன்றே ஒன்று நம் செஞ்சி. ராய்கட்டும் செஞ்சியும் இப்போது ஒரே பட்டியலில். ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள், அங்கே உள்ள சுவர்களுக்கும் இதே பேச்சுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சுற்றுலா பஸ் புறப்பட்டதும், பாட்டுப் போடுவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் யாராவது எழுந்து சுவரில் எழுதக் கூடாது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும், ஒவ்வொரு முறையும். போன வருடம் இரண்டு பஸ்ஸில் சொன்னோம், இந்த வருடம் ஏழு. எறும்பு ஊரத்தான் செய்கிறது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ராய்கட் போகிறோம். விடிகாலை நான்கு மணிக்குச் செம்பூர் ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்கும். வருகிறவர்கள் வாசலில் மேசைமேல் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.